எங்கள் கார்டில் ஐந்தாவது பேர்

மாடிப்படி அக்கா நல்லவளா, கை நீளமானவளா என்று கேட்டால் நான் முழிப்பேன். அப்போதும் முழித்தேன், ஐம்பது தாண்டிய பிறகும் முழிக்கிறேன். சிலரைப் பற்றித் தெருவே ஒரு முடிவுக்கு வந்துவிடும். இவளைப் பற்றி எங்கள் காம்பவுண்டின் ஆறு வீடும் ஆறு விதமாகப் பேசின. அதிலும் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்புறம் ஒரு சந்தில் இருந்தது அந்தக் காம்பவுண்டு. ஆறு போர்ஷன், ஒரு குழாய், ஒரு மாடிப்படி. படிக்குக் கீழே சரிவாக ஒரு அறை உண்டு. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அதில்தான் அவள் தனியாக இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல்யாண மண்டபங்களில் காய் நறுக்கும் வேலை. முகூர்த்த நாளென்றால் விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். ஆடியிலும் மார்கழியிலும் வேலை கிடையாது. என்னைப் போன்ற சின்னவர்களுக்கு அவள் மாடிப்படி அக்கா. என் அம்மாவுக்கு 'இந்தாம்மா'. இரண்டாம் போர்ஷன் மாமிக்கு 'ஏண்டிம்மா'. அவளுக்கென்று ஒரு பேர் இருக்குமே என்று யாரும் யோசித்ததில்லை. நானும்தான்.

ஆறு வீட்டு ரேஷன் கார்டும் அவளுடைய மஞ்சள் பையில் இருந்தன. எப்படி அங்கே போய்ச் சேர்ந்தன என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. கடைக்குச் சரக்கு வந்திருக்கிறது என்ற செய்தி எப்படியோ முதலில் அவள் காதுக்குத்தான் போகும். "பாமாயில் வந்துகீது, கல்லு போட்டுட்டு வந்துட்டேன்" என்று குழாயடியில் நின்று அறிவிப்பாள். வரிசையில் நம் இடத்துக்குக் கல்லோ உடைந்த கூடையோ வைத்துவிட்டு வருவதற்குத்தான் கல் போடுவது என்று பேர். எங்கள் வீட்டுக்குக் கைப்பிடி போன பிளாஸ்டிக் மக். மாமி வீட்டுக்கு ஒரு கொட்டாங்குச்சி. அந்த மக் எங்களுக்காக எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றிருக்குமோ, பாவம்.

அப்போது எங்கள் வீட்டு நிலைமை மகா மோசம். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். திறப்பார்கள், திறப்பார்கள் என்று ஒரு வருஷமாக அப்பா காலையில் சட்டை போட்டுக்கொண்டு போய் கேட் முன்னால் நின்றுவிட்டு வந்தார். பிறகு சட்டை போடுவதையே விட்டுவிட்டார். தம்பி பள்ளிக்கூடத்தில், நான் டைப் இன்ஸ்டிட்யூட்டில். கடைக்குப் போய் வரும்போதெல்லாம் அம்மா, "துவரம் பருப்பு என்ன தங்கமா?" என்று எங்களைக் கேட்பாள், ஏதோ நாங்கள்தான் விலை ஏற்றியது போல.

ஆனாலும் ரேஷன் அரிசி சாப்பிடுகிறோம் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மாமி, "எங்காத்துல இதெல்லாம் யாரும் தொடமாட்டா. இட்லிக்கு ஊறப் போடத்தான்" என்பாள். அம்மாவும், "இட்லிக்குத்தான்" என்பாள். அப்படிப் பார்த்தால் எங்கள் காம்பவுண்டில் மூன்று வேளையும் இட்லிதான். மாடிப்படி அக்கா மட்டும் எதுவும் சொல்ல மாட்டாள். ஒவ்வொரு பையிலும் அரிசிக்கு மேலே ஒரு கட்டு கொத்தமல்லியோ முளைக்கீரையோ வைத்து, வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்து தருவாள். மார்க்கெட்டிலிருந்து வருகிறாள் என்று தெரு நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான்.

இவ்வளவு இங்கிதம் தெரிந்தவளிடம் ஒரு கோளாறு இருந்தது. கேட்காமல் எடுப்பாள், கேட்காமல் கொடுப்பாள்.

ஒரு நாள் அவள் வாங்கி வந்து வைத்த மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிப் பார்த்த அம்மா கத்தினாள்.

"என்னம்மா இது, குறையுதே?"

"மூணாம் வூட்டுல ஸ்டவ்வு அணைஞ்சி போய் கீது யக்கா. கொழந்தைக்குப் பால் காச்சணும்னு நின்னுகினு இருந்துச்சு. ஊத்திட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டா நீ இல்லேன்னு சொல்லுவே. அப்பால உனுக்கே ஒரு மாதிரியா இருக்கும். அதான் கேக்கல."

அம்மா டின்னை ணங்கென்று கீழே வைத்தாள். அடுத்த மாதம் கேட்காமலேயே எங்களுக்குப் பாமாயில் கூடுதலாக வந்தது. அது யார் வீட்டு எண்ணெய்? தெரியாது. நாங்களும் கேட்கவில்லை. இப்படியே எல்லார் வீட்டுச் சாமானும் எல்லார் வீட்டிலும் புழங்கியது. கடைசியில் நாம் ஏமாந்தோமா, ஏமாற்றினோமா என்று அம்மாவுக்குக் குழம்பிப்போகும். "இவளோட சகவாசமே வேணாம்டி" என்பாள். ஆனால் கார்டைத் திருப்பி வாங்க மாட்டாள்.

சட்டை விஷயம் இன்னும் அநியாயம். கொடியில் காய்ந்த அப்பாவின் நீலக் கோடு போட்ட சட்டையை எடுத்து, ஐந்தாம் போர்ஷன் பையனுக்குக் கொடுத்துவிட்டாள். அவனுக்கு அன்றைக்கு ஏதோ இன்டர்வியூ. தெருமுனையில் எதிரே வந்தவனை நிறுத்தி அப்பா, "சட்டை நல்லா இருக்கே, எங்கடா எடுத்தே?" என்று கேட்டிருக்கிறார். அவன் பேய்முழி முழித்திருக்கிறான். மறுநாள் சட்டை துவைத்து, இஸ்திரி போட்டு எங்கள் வாசல் ஜன்னலில் வந்து உட்கார்ந்திருந்தது. அம்மா சண்டைக்குப் போனாள்.

"சும்மாதான யக்கா தொங்கிகினு இருந்துச்சு? சார் இப்ப எங்க போறாரு?" என்றாள் அக்கா.

அதில் ஒரு துளி குத்தல் கிடையாது. கண்ணால் பார்த்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அம்மா உள்ளே வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு, அவளை அந்தப் படிக்கட்டோடு சேர்த்து இடித்துவிட வேண்டும் போல இருந்தது. அன்றிலிருந்து ஒரு மாதம் நான் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. "பாப்பா, மழை வருது, துணிய எடு" என்று வழக்கம்போல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோபத்தைக் கவனிக்காதவர்களிடம் எப்படித்தான் கோபித்துக்கொள்வது?

இந்தச் சமயத்தில் எனக்கு எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேனாம்பேட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. தற்காலிகம்தான், ஆனாலும் வேலை. திங்கட்கிழமை இன்டர்வியூவுக்கு வர வேண்டும், ரேஷன் கார்டு ஒரிஜினலைக் கொண்டுவர வேண்டும் என்று போட்டிருந்தது. அப்பா அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற மனிதர் அவர். மூன்று முறை படித்தார் என்றால் வீட்டின் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் ரேஷன் ஆபீசர் வந்தார். போலிப் பேர், போலிக் கார்டு இருக்கிறதா என்று வீடு வீடாகச் சோதனை. குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். மாமி மோர் கொடுத்தாள். மாடிப்படி அக்கா மஞ்சள் பையோடு பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வீடாகக் கார்டை எடுத்து நீட்டினாள். எங்களுடையதைக் கடைசியாகத்தான் எடுத்தாள். எடுத்த பிறகும் ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தாள். அப்பா வெளியே போயிருந்தார். அம்மாவும் நானும்தான் நின்றோம்.

ஆபீசர் அப்பா பேரைப் படித்தார், அம்மா பேரை, என் பேரை, தம்பி பேரைப் படித்தார். அப்புறம் ஐந்தாவதாக ஒரு பேரைப் படித்தார்.

"இது யாரு? சகோதரின்னு போட்டிருக்கு. கூப்பிடுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவோடு கூடப்பிறந்த பெண் யாரும் கிடையாது. அப்படி ஒரு பேரை நாங்கள் கேட்டதே இல்லை. கார்டு எங்கள் கையில் இருந்திருந்தால் அல்லவா பார்த்திருப்போம்?

"தெரியாது சார்" என்றேன்.

"உன் வீட்டுக் கார்டு, உனக்குத் தெரியாதா? அப்போ போலிப் பேரு. கார்டை எடுத்துட்டுப் போறேன். விசாரணை முடிஞ்சதும் ஆபீசுக்கு வந்து பாருங்க."

நான் ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்றேன். "சார், திங்கட்கிழமை எனக்கு இன்டர்வியூ சார். ஒரிஜினல் கேட்டிருக்காங்க. அப்பாவுக்கு வேலை இல்ல சார்" என்றேன். ஆறு வீடும் வேடிக்கை பார்க்க, நான் அழுகிறேன் என்பது அழுத பிறகுதான் தெரிந்தது. ஆபீசர் கார்டைத் தன் பைக்குள் வைத்தார்.

அப்போது மாடிப்படி அக்கா பேசினாள்.

"சார், அந்தம்மா போன ஆடியிலயே செத்துப் பூட்ச்சு சார்."

ஆபீசர் நிமிர்ந்தார். "யாரு?"

"இவங்க அத்தைதான் சார். இவங்க கூடத்தான் இருந்துச்சு. பாப்பாக்கு பயத்துல ஒண்ணும் புரியல. பேர எடுக்கணும்னு இவங்களுக்குத் தெரியல சார். படிச்ச பொண்ணு, எழுதிக் குடுக்கும்."

அம்மா வாயைத் திறந்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். ஆபீசருக்கும் வெயில், பசி. "சரி, எழுதிக் கொடு. பேரை அடிச்சிட்டுக் கார்டைத் தர்றேன்" என்றார். மாமி வீட்டிலிருந்து பேப்பரும் பேனாவும் அக்காவே கொண்டுவந்தாள். நான் முத்து முத்தாக அந்தப் பேரை எழுதி, மேற்படியார் என் அத்தை, இறந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆபீசர் சிவப்பு மையால் கார்டில் ஐந்தாவது பேரை அடித்தார். கார்டு என் கைக்கு வந்தது.

அவர் தலை மறைந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "யாரும்மா அது? எவ பேரை எங்க கார்டுல ஏத்துனே?"

"ஆபீஸ்ல யாரோ கிறுக்கி வச்சிகிறாங்கோ. வுடு யக்கா" என்று அக்கா தன் அறைக்குள் குனிந்து போய்விட்டாள்.

யாரிடமோ எதையோ வாங்கிக்கொண்டுதான் ஏற்றியிருப்பாள் என்பது அம்மாவின் தீர்ப்பு. கார்டுகளைப் புதுப்பித்த சமயத்தில் எல்லார் பாரத்தையும் வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனவள் அவள்தான். அப்பா வழக்கம்போல் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார். "இனிமே எங்க கார்டு எங்ககிட்டயே இருக்கட்டும்" என்று அவள் காதில் விழும்படி அம்மா சொன்னாள். எனக்கு அதெல்லாம் கவனமில்லை. திங்கட்கிழமை போனேன், கார்டைக் காட்டினேன், தட்டச்சு செய்து காட்டினேன். வேலை கிடைத்தது. அப்பா அன்றைக்குச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண்பிள்ளை வாசலில் வந்து நின்று கூப்பிட்டாள். நான் எழுதிக் கொடுத்த அதே பேரைச் சொல்லி, "கீறாளா?" என்றாள்.

நான் வாசலுக்கு ஓடினேன். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லையே" என்றேன்.

"இன்னாமே இல்லேன்ற? நேத்து கூட எங்கூட குந்திகினு வெங்காயம் உரிச்சா. அதோ கீறா பாரு" என்று சொல்லி, மாடிப்படிக்குக் கீழே கையைக் காட்டினாள்.

நாளைக்கு அடையாற்று மண்டபத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். அப்புறம் குனிந்து அந்த அறை வாசலில் போய் உட்கார்ந்தேன். அக்கா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அது உங்க பேரா?"

"ஆமா" என்றாள், நான் ஏதோ மணி கேட்டது போல.

"ஏன் எங்க கார்டுல?"

"வேற எங்க போடறது? என் வூட்டுக்காரன் இன்னொருத்திய இட்டுகினு வந்தான். கார்டுல என் பேர அட்ச்சிட்டு அவ பேர போட்டுகினான். பேர அட்ச்சா ஒரு சீட்டு குடுப்பாங்கோ. அந்தச் சீட்டு இருந்தா எனக்குன்னு தனி கார்டு வாங்கலாம். அவன் சீட்டைக் குடுக்கல. இந்த வூட்டு ஓனரும் நான் இங்க கீறேன்னு எழுதித் தர மாட்டேன்னுட்டான். அதான், உங்கப்பாரு பாரத்துல ஒரு வரி காலியா இருந்துச்சு, போட்டுகினேன். கொஞ்ச நாள் கழிச்சு உங்கப்பாராண்ட சொல்லி, முறையா பேர அடிச்சிட்டு, சீட்டு வாங்கலாம்னு இருந்தேன். கேட்டா உங்கம்மா வேணான்னு சொல்லியிருக்கும்."

"அப்போ ஏன் செத்துட்டாங்கன்னு சொன்னீங்க? செத்தவங்களுக்குச் சீட்டு கிடையாதே!"

"பின்ன? நீ தெரியாதுன்னுட்டே, அப்பால நான்தான் அதுன்னா நம்புவாரா? கார்டு பூடும் போல இருந்துச்சு. உனுக்கு வேலை கீதே. எனக்கு இன்னா பாப்பா, செத்துட்டாலும் காய் நறுக்கலாம். வேணான்னா சொல்லப் போறாங்கோ?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவள்மேல் கோபமா, என்மேல் கோபமா என்று பிடிபடவில்லை. நம்மைக் கேட்காமல் நம் கார்டில் ஏறியவள் அவள். என் வேலைக்காகத் தானே இறங்கிக்கொண்டவளும் அவள். இதில் எதை முதலில் வைப்பது?

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொதித்தாள். "நம்ம கார்டுல அவ பேருக்குச் சர்க்கரை வாங்கித் தின்னுருக்கா பாரேன்! ஆள் கணக்குக்குத்தானே தர்றான்? மூச்சு விட்டாளா?" அந்த மாதம் தானே கடைக்குப் போவதாகச் சொல்லிப் போனாள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றிருக்கிறாள். திரும்பி வந்தபோது முகம் பேயறைந்தது போல இருந்தது. சர்க்கரைப் பையைக் கூடத்தில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"என்னம்மா?"

"சர்க்கரை குறையுது. கடைக்காரனோட சண்டை போட்டேன். நாலு பேருக்கு இவ்வளவுதாம்மா, போன மாசம் வரைக்கும் அஞ்சு பேருங்கிறான்." அம்மா பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அவ பங்கையும் நமக்குத்தாண்டி கொடுத்திருக்கா. இத்தனை மாசமா நாமதான் அவ சர்க்கரையைத் தின்னுருக்கோம்."

அன்றைக்கு அம்மா அந்தச் சர்க்கரைப் பையைப் பிரிக்கவே இல்லை. மறுநாள் என்னிடம், "அவளைக் கூட்டிட்டுப் போய், பேரைத் திரும்ப எழுதிட்டு வாடி. உயிரோட இருக்கிறவளைச் செத்தவளா வைக்கறது பாவம்" என்றாள்.

ஆபீசில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு, அக்காவை அழைத்துக்கொண்டு ரேஷன் ஆபீசுக்குப் போனேன். வேண்டாம் பாப்பா, வேண்டாம் பாப்பா என்று பஸ்ஸில் முனகிக்கொண்டேதான் வந்தாள். ஆனால் நல்ல புடவை கட்டியிருந்தாள். தலைக்குப் பூ வைத்திருந்தாள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா கார்டைப் புரட்டி, ஃபைலிலிருந்து நான் எழுதிய பேப்பரைத் தேடி எடுத்தார்.

"இறந்துட்டாங்கன்னு இருக்கே?"

"இல்ல சார். உயிரோட இருக்காங்க."

"அப்போ இது பொய்யா? கையெழுத்து யாருது, உன்னுதா?" என் கழுத்தில் தொங்கிய புது அடையாள அட்டையை அவர் பார்த்துவிட்டார். "கவர்மெண்ட் ஆபீஸ்ல வேலை செய்யறியா? பொய்யா எழுதிக் கொடுத்தா என்ன ஆகும் தெரியுமில்ல? சொல்லும்மா. இது பொய்யா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். அப்பாவின் கோடு போட்ட சட்டை ஞாபகத்துக்கு வந்தது, தம்பியின் பரீட்சைப் பணம் ஞாபகத்துக்கு வந்தது. அடையாள அட்டையைக் கையால் மூடிக்கொண்டேன். பக்கத்தில் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்ல சார், பாப்பா எழுதினது நெசந்தான்" என்றாள் அக்கா. "அந்தம்மா செத்துதான் பூட்ச்சு. நான் வேற. வூட்டு வேலைக்காரி. கூட வந்தேன்."

குமாஸ்தா பேப்பரை ஃபைலுக்குள் தள்ளி, "நெக்ஸ்ட்" என்றார். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். வெளியே நல்ல வெயில்.

"அக்கா..." என்றேன்.

"உனுக்கு ஆபீசுக்கு லேட்டாவுது பாரு. அதோ பஸ்ஸு வர்து, ஓடு" என்றாள்.

நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.